தண்ணிவண்டி அக்கா எழுதிய உயில்

தூத்துக்குடியில் உப்பு விற்று மாடி கட்டியவர்கள் உண்டு. கப்பல் சரக்கில் காரும் பங்களாவுமாக ஆனவர்கள் உண்டு. ஆனால் மூன்று கல்லூரி முதல்வர்களை ஒரே வாரத்தில் கக்கூஸ் கழுவ ஆள் தேடி அலையவிட்டவர், எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். தண்ணிவண்டி அக்கா.

நான் அப்போது எங்கள் கல்லூரி அலுவலகத்தில் சூப்பரின்டெண்டென்ட். அக்கா எங்களுக்கு டேங்கர் லாரியில் தண்ணீர் கொண்டுவருபவர். மாப்பிள்ளையூரணிப் பக்கம் அவருக்கு ஒரு தோட்டமும் அதில் ஒரு கிணறும் இருந்தன. அக்கம்பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தால் கடலை நக்கிய மாதிரி இருக்கும். இந்த ஒரு கிணறு மட்டும் இளநீர். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு, வாயில் ஏலக்காய். இந்தக் கோலத்தில் அக்காவே லாரியை ஓட்டிவருவார். அவர் ஹாரன் அடித்தால், துறைமுகத்தில் கப்பல் கிளம்பிவிட்டதோ என்று காமர்ஸ் டிபார்ட்மென்ட் முழுக்க ஜன்னலுக்கு வந்துவிடும்.

எங்கள் முதல்வர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். பொறுப்பேற்ற முதல் நாள் காலையில் வாட்ச்மேன் வந்து, "சார், தண்ணிவண்டி கேட்டுல நிக்கி. உள்ள விடட்டுமா?" என்று கேட்டார்.

முதல்வர் முகம் வெளுத்துவிட்டது. "காலங்காத்தாலயேங்களா? உள்ள விடாதீங்க. போலீசுக்குச் சொல்லுங்க" என்றார்.

அது ஆளில்லை, லாரிதான் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் அக்காவே படியேறி வந்து, "ஆரு புது டீச்சரா?" என்று கேட்டுவிட்டார். அவருக்குக் கல்லூரிக்குள் இருக்கிற எல்லோரும் டீச்சர்தான். முதல்வரும் டீச்சர், நானும் டீச்சர், வாட்ச்மேனும் டீச்சர். மணியடிக்கிறவர் மட்டும் பெரிய டீச்சர். "அவரு அடிச்சாத்தான எல்லாரும் எந்திரிக்கீய?" என்பது அக்காவின் வாதம்.

ஒருநாள் தண்ணீரை இறக்கிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"ஏளா டீச்சரு, இங்கன வா. பயலுவ குடிக்க தொட்டி ரெண்டு நாள்ல காலியாவுது. பிள்ளைய குடிக்க தொட்டி வாரம் முழுக்கத் தளும்பிக்கிட்டுக் கெடக்கு. ஏன், பொம்பளப்பிள்ளைக்குத் தாகம் எடுக்காதா?"

நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். மாணவிகளின் கழிப்பறையில் குழாய் இருந்தது, குழாயில் தண்ணீர் இல்லை. வருகிற தண்ணீர் ஆய்வகத்துக்கும் விடுதிக்குமே போதவில்லை. அதனால் பிள்ளைகள் காலையில் வீட்டில் குடிப்பதோடு சரி, சாயங்காலம் வீடு போய்ச் சேரும்வரை வாயில் ஒரு சொட்டு வைக்கமாட்டார்கள். அவர்கள் என்ன, நானே ஒரு டம்ளர் காப்பியோடு இருபது வருடத்தை ஓட்டியவள்தான்.

அக்கா வால்வை மூடினார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"நான் பதினஞ்சு வயசுல உப்பளத்துக்கு வேலைக்குப் போனவ டீச்சரு. அங்கன ஒதுங்க ஒரு செடி கெடையாது பாத்துக்கோ. கண்ணுக்கெட்டுன வரைக்கும் வெள்ளவெளேர்னு கெடக்கும். ஒக்காந்தா கப்பல்ல போறவனுக்கும் தெரியும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு இருவருமே சிரிப்பை நிறுத்திவிட்டோம்.

மறுநாள் அக்கா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு முதல்வர் அறைக்குள் வந்து அறிவித்தார்: "எனக்குப் பிள்ளகுட்டி கெடையாது. வீடு தம்பி மக்களுக்கு. தோட்டத்தயும் கிணத்தயும் ஒரு காலேஜுக்கு எழுதி வைக்கலாம்னு இருக்கேன். எனக்குப் பெறவுதான். இப்பவே குடுத்தா நான் என்னத்த ஓட்டி வயித்தக் கழுவ?"

முதல்வர் எழுந்தே நின்றுவிட்டார். "எங்க காலேஜுக்குத்தானுங்களாம்மா?"

"ஒரு காலேஜுக்குன்னேன். எந்தக் காலேஜுன்னு கக்கூசப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

தூத்துக்குடியில் ரகசியம் பஸ் ஏறாது, பறக்கும். அன்று மதியத்துக்குள் இன்னும் இரண்டு கல்லூரிகளுக்குச் செய்தி போய்விட்டது. அக்கா வீட்டுக்கு ஒரு முதல்வர் மக்ரூன் இனிப்பு டப்பாவோடு போனார். இன்னொருவர் இரண்டு டப்பாவோடு போனார். எங்கள் முதல்வர், ஊர் வழக்கம் தெரியவேண்டுமே என்று என்னிடம் கேட்டு, நான்கு டப்பா எடுத்துக்கொண்டு போனார். ஒரு வாரம் அக்கா எங்கே தண்ணீர் இறக்கினாலும் தண்ணீரோடு மக்ரூனும் இறங்கியது. லாரி ஷெட்டில் ஒரு மெக்கானிக், "யக்கா, வெறும் தண்ணி போதும்க்கா" என்று கும்பிட்டதைக் கண்ணால் பார்த்தேன்.

அக்கா முதலில் போன கல்லூரியில் கழிப்பறை வாசலில் குரோட்டன்ஸ் தொட்டி வைத்து, பன்னீர் தெளித்து, சந்தனக் கிண்ணத்தோடு இரண்டு மாணவிகளை நிறுத்தியிருந்தார்களாம். இரண்டாவது கல்லூரியில் சிவப்புக் கம்பளம். திரும்பி வந்து அக்கா என்னிடம் சொன்னார்: "சவம், மிதிக்கவே கூசுது டீச்சரு. அதுக்குள்ள போயி ஒண்ணுக்கு இருக்க யாருக்கு மனசு வரும்?"

எங்கள் கல்லூரியில் கதை வேறு. முதல்வர் வாசல் பக்கமிருந்த மூன்று கழிப்பறைகளுக்கு அவசர அவசரமாக டைல்ஸ் போட்டார். டிரம்மில் தண்ணீரும் நிரப்பினார். காமர்ஸ் பிளாக்குக்குப் பின்னால் இருந்த நீண்ட வரிசையை ஒன்றும் செய்ய முடியவில்லை. அதைப் பூட்டி, வாசலில் ஒரு பலகையை மாட்டினார்: "அபாயம். வேதிப்பொருள் அறை. அந்நியர் நுழையக் கூடாது."

அக்கா வந்தார். மூன்று கழிப்பறைகளையும் பார்த்து, "நல்லாருக்கு" என்றார். முதல்வர் பெருமூச்சு விட்டார். அக்கா நேராகப் போகாமல் காமர்ஸ் பிளாக்கைச் சுற்றிப் பின்பக்கம் போய்விட்டார். பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். மூக்கை இரண்டு முறை உறிஞ்சினார்.

"இந்தக் கெமிக்கல் எனக்குத் தெரியும். தெறங்க."

"சாவி தொலைஞ்சு போச்சுங்கம்மா" என்றார் முதல்வர்.

அக்கா முதல்வரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "டீச்சரு, சாவி எங்க?"

சாவி என் இடுப்புக் கொத்தில் இருந்தது. முதல்வர் என்னைப் பார்த்து கண்ணாலேயே கெஞ்சினார். கொடுத்தால் தோட்டம் போய்விடும். கொடுக்காவிட்டால் தோட்டம் வரும், ஆனால் இந்தப் பூட்டு அப்படியே கிடக்கும். எப்படிக் கழற்றினேன் என்று நினைவில்லை. சாவி அக்கா கையில் இருந்தது.

கதவு திறந்தது. அக்கா உள்ளே போனார். முதலில் ஒரு பல்லி வெளியே ஓடிவந்தது. பின்னாலேயே அக்கா, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

"எழுதுங்க" என்றார்.

"என்னத்தைங்க?" என்றார் முதல்வர், ராஜினாமாக் கடிதமோ என்று பயந்தவராக.

"உயில எழுதுங்க. இந்தக் காலேஜுக்குத்தான். இவ்வளவு மோசமான கக்கூச நான் எங்கயும் பாக்கல."

முதல்வருக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தார்.

"பின்ன என்னய்யா? அங்க ரெண்டு எடத்துலயும் பன்னீரே தெளிக்காவ. வயிறு நெறஞ்சவனுக்கு எதுக்கு நான் எல போடணும்?" என்றார் அக்கா.

உயில் எழுதும்போது மறுபடி ரகளை. கலையரங்கம் கட்டி அக்கா பெயரை வைக்கலாம் என்றது நிர்வாகக் குழு. அக்கா, "நான் ஆடவா போறேன்?" என்று கேட்டு அதை முடித்துவைத்தார். கிணற்றுத் தண்ணீர் முதலில் பிள்ளைகள் கக்கூசுக்கு, மிச்சம் இருந்தால்தான் மற்றதற்கு என்பது அவர் நிபந்தனை. வக்கீல் அதை நாகரிகமாக, "மாணவியர் சுகாதார வளாகம்" என்று எழுதி வாசித்தார்.

"வளாகம்னா?" என்றார் அக்கா.

"கட்டடம்மா."

"அப்பம் நாளைக்கு அதுல காண்டீன் வச்சாலும் வப்பிய. கக்கூசுன்னு போடும்."

"உயில்ல அப்படி எழுதினா நல்லா இருக்காதும்மா."

"கக்கூசு நல்லா இருந்தாப் போதும் வே."

ரிஜிஸ்டர் ஆபீசில் அந்த உயிலைப் படித்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். ஏழு இடத்தில் கக்கூஸ். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் தர்மசங்கடம் ஆரம்பித்தது. ஒருவர் உங்களுக்கு உயில் எழுதிவிட்டால் அவரை நலம் விசாரிக்கவே முடியாது. "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று முதல்வர் கேட்டால், அக்கா கையைக் கூப்பி, "மன்னிச்சுக்கிடுங்க டீச்சர். இன்னும் நல்லாத்தான் இருக்கேன்" என்பார். இருமினால் கமிட்டியில் செய்தியாகிவிடும். தும்மினால் பிளம்பரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

போன ஐப்பசி மழையில் அக்கா லாரி ஏணியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. கமிட்டியிலிருந்து ஒருவர் எனக்குப் போன் செய்தார். "எப்படிம்மா இருக்காங்க? டாக்டர் ஏதாவது நாள் சொன்னாரா?" என்று கேட்டார். அவர் டிஸ்சார்ஜ் ஆகிற நாளைத்தான் கேட்டாரோ என்னவோ. நான் போனை வைத்துவிட்டேன். அப்படி ஒரு கோபம் என் சர்வீசில் அதுவரை வந்ததில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அக்கா கட்டிலில் கால் தூக்கிக் கட்டப்பட்டுக் கிடந்தார். தலைத்துண்டு இல்லாமல் அவரைப் பார்த்தது அதுவே முதல் தடவை. அவ்வளவு நரைத்திருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

"என்னளா, பழம் கொண்டாந்தியா, உயில் கொண்டாந்தியா?"

"சும்மா கெடங்கக்கா" என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சரு, ஒரு கணக்கு இடிக்கே. நான் செத்தாத்தான ஒங்க பிள்ளையளுக்குத் தண்ணி?"

"அதுக்கு இப்ப என்ன அவசரம்?"

"எனக்கு அவசரமில்ல. பிள்ளையளுக்கு அவசரமா வருமே. எங்கம்மை தொண்ணூறு தாண்டிக் கெடந்தா. நானும் கெடந்தா அதுவரைக்கும் அதுகள அடக்கிக்கிட்டு இருக்கச் சொல்லுதியா?"

நர்ஸ் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து மூக்கு வழிந்தது.

கட்டிலில் படுத்தபடியே அக்கா போனில் முதல்வரைப் பிடித்தார். உயில் உயிலாக இருக்கட்டும். ஆனால் திங்கட்கிழமையிலிருந்து தினம் காலை ஒரு லோடு, காசில்லாமல், அந்தக் கழிப்பறைத் தொட்டிக்கு வரும். அதற்குள் அந்தப் பலகையைக் கழற்றி, கதவும் தாழ்ப்பாளும் போட்டுவைக்க வேண்டும். தாழ்ப்பாள் உள்பக்கம். அதை மட்டும் மூன்று முறை சொன்னார்.

திங்கட்கிழமை லோடு வந்தது. ஓட்டுவதற்கு ஓர் ஆளை வைத்திருந்தார் அக்கா. கால் சரியாகி வந்த பிறகு ஊன்றுகோலோடு பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஹாரனை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் பிள்ளைகள் குடிக்கிற தொட்டியும் பயல்கள் தொட்டி மாதிரியே காலியாகத் தொடங்கியது. நானும் பதினொரு மணிக்கு இரண்டாவது காப்பி குடிக்கத் தொடங்கினேன்.

இந்த வருடம் நான் ஓய்வு பெற்றேன். என் இடத்துக்கு வந்தவரிடம் ஃபைல்களை ஒவ்வொன்றாக ஒப்படைத்தேன். சுறுசுறுப்பான ஆள். எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தவர், அக்காவின் ஃபைலை எடுத்து, "மேடம், இது ஒண்ணுதான் பெண்டிங்ல இருக்கு. எப்ப முடியும்?" என்று கேட்டார்.

அதை அவர் கையிலிருந்து வாங்கி, அலமாரியில் எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தேன்.

"நீங்க ரிட்டயர் ஆகும்போதும் இது இப்படியே இருக்கணும் தம்பி" என்றேன்.