சபைக்கு ஒரு காது

உலக சங்கீத சரித்திரம் எழுத முற்படுகிறவர்கள், திண்டுக்கல்லில் ஒரு பூட்டுப் பட்டறையின் மாடியில் இயங்கி வந்த 'சொந்த சாகித்ய கர்த்தாக்கள் சபை'க்கு ஓர் அத்தியாயமாவது ஒதுக்கியாக வேண்டும். ஒதுக்காவிட்டால் அது சரித்திரம் அல்ல, வெறும் புரளி. சபையின் கௌரவ காரியதரிசி என்ற முறையில் இதைச் சொல்கிறேன். கௌரவ காரியதரிசி என்றால் நாற்காலிகளை அவரே தூக்கிப் போட வேண்டும் என்று அர்த்தம்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் சித்திரையில் சபை பிறந்தது. சட்டம் ஒன்றே ஒன்றுதான்: அவரவர் கட்டிய பாட்டை அவரவரே பாட வேண்டும். கோயிலில் கேட்டது, கொட்டகையில் கேட்டது எதற்கும் இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பட்டறையில் அரம் ராவுகிற சத்தம் ஓய்ந்ததும் நாங்கள் தொடங்குவோம். கீழே இருக்கிற வாட்ச்மேன் வாரநாட்களே தேவலை என்பான்.

என் பெயர் சோலைமலை. வெங்காய மண்டியில் கணக்குப்பிள்ளை. மேகத்தை 'வா, வா' என்று கூப்பிட்டுப் பாடிய கவிகள் தமிழில் ஆயிரம் பேர் இருப்பார்கள். 'போ' என்று சொன்னவன் நான் ஒருவன்தான்.

மேகமே நீ வாராதே
வெங்காயத்தைக் கெடுக்காதே

இதுதான் என் பல்லவி. இந்தக் கற்பனை மண்டியில் உட்கார்ந்தவனுக்குத்தான் வரும்.

பாட்டு மட்டும் கட்டினால் போதுமா? இலக்கணம் வேண்டாமா? அதற்கு ஸ்தனிஸ்லாஸ் இருந்தார். சுருட்டுக் கம்பெனியில் வேலை. கலைந்துபோன நாடகக் கம்பெனி ஒன்றின் ஆர்மோனியம் அவரிடம் இருந்தது. அதில் எலி புகுந்து தைவதம், நிஷாதம் இரண்டையும் தீர்த்துவிட்டிருந்தது. கட்டையை அழுத்தினால் காற்று வரும், சத்தம் வராது. ஸ்தனிஸ்லாஸ் மனம் தளரவில்லை.

"அஞ்சு சொரம் போதும்யா. மத்த ரெண்டும் காலேஜ் படிப்பு."

சபை உடனே தீர்மானம் போட்டது: 'தைவதம், நிஷாதம் ஆகிய இரண்டும் மறு உத்தரவு வரும் வரை நிறுத்தி வைக்கப்படுகின்றன.' ஆகையால் எங்கள் பாடம் இப்படி நடக்கும். ச, ரி, க, ம, ப என்று எல்லோரும் சேர்ந்து பாடுவோம். அப்புறம் வாயை மூடிக்கொண்டு இரண்டு தரம் தலையை ஆட்டுவோம். பிறகு மேல் ஸட்ஜமத்தைப் பிடித்துக் கத்துவோம். புதிதாக வந்து பார்க்கிறவர்கள் நாங்கள் இரண்டு முறை சரஸ்வதியைக் கும்பிடுவதாக நினைத்துக்கொண்டு, அவர்களும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

இலக்கணம் படித்ததில் ஒரு பெரிய லாபம், அபிப்பிராயம் சொல்ல வந்துவிட்டது. யார் பாடி முடித்தாலும் "ரிஷபம் கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லலாம். சாம்பாரில் உப்புப் பார்ப்பது மாதிரிதான். ஆனால் சாம்பாருக்கு நாக்கில் ஒரு சொட்டாவது விட்டுப் பார்க்க வேண்டும். எங்களுக்கு அந்தச் சிரமமும் இல்லை.

ஏனென்றால், உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஒருவர் பாட்டை மற்றவர் கேட்பதில்லை. சின்னாளப்பட்டியில் சுங்குடி வியாபாரம் செய்யும் தங்கமுத்து முதல் ஆளாகப் பாடிவிட்டு, "பஸ்ஸு போயிரும்ப்பா" என்று செருப்பை மாட்டுவார். தோல் மண்டி சனாவுல்லா பாய் கண்ணை மூடிக்கொண்டு உருகுவார். என் பாட்டுக்குத்தான் உருகுகிறார் என்று நான் ரொம்ப நாள் நம்பியிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அவர் தம்முடைய அனுபல்லவிக்கு எதுகை தேடிக்கொண்டிருந்தார். நான் மட்டும் யோக்கியனா? தங்கமுத்துவின் பாட்டு எதைப் பற்றியது என்று இன்றைக்குக் கேட்டாலும் தெரியாது. சேலையைப் பற்றித்தான் இருக்கும்.

வீட்டிலும் முயன்று பார்த்தேன்.

"வீரலட்சுமி, செத்த நேரம் உக்காந்து கேளேன். பல்லவியிலருந்து சரணம் வரைக்கும் ஒரே ஒரு தடவ."

"பாட்டு எங்கயும் ஓடிறாது. ஒல பொங்கிரும்" என்று என் மனைவி உள்ளே போய்விட்டாள்.

பாட்டுக் கட்டுகிறவனுக்கு மாலை வேண்டாம், பட்டம் வேண்டாம். ஒரு மனுஷன் எதிரே உட்கார்ந்து கடைசி வரைக்கும் கேட்டால் போதும். அது கிடைக்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆடி மாதக் கூட்டத்தில் துணிந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன்: சபைக்கு ஒரு 'கேட்போர்' நியமிக்கப்பட வேண்டும், ஊதியம், கூட்டத்துக்கு இரண்டு வடையும் காபியும்.

"ஆளுக்கு என்ன தகுதி வேணும்?" என்றார் சனாவுல்லா பாய்.

"காது ரெண்டும் நல்லா இருக்கணும்" என்றேன்.

"ஒண்ணு போதும்" என்றார் ஸ்தனிஸ்லாஸ். "ரெண்டு இருந்தா ஒண்ணுல வாங்கி ஒண்ணுல விட்டுருவான்."

இந்தத் திருத்தத்தின் மீது நெடுநேரம் விவாதம் நடந்தது. கடைசியில், இரண்டு காது உள்ளவரையும் பரிசீலிக்கலாம் என்று பெருந்தன்மையாக முடிவாயிற்று.

முத்துச்சாமி அண்ணன் கிடைத்தது நாங்கள் செய்த புண்ணியம். கோர்ட்டில் டவாலியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசில் பாதியை வக்கீல்கள் பேசுவதை நின்றபடியே கேட்டுக் கழித்தவர். ஒரு தரம்கூடக் கொட்டாவி விட்டதில்லை என்று அவரே சொன்னார். இதற்கு மேல் என்ன பரீட்சை வைப்பது? உட்கார்ந்து கேட்கலாம் என்று நாங்கள் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த மனிதர் கேட்டாரே ஒரு கேட்பு! முதலில் மாடிப்படித் தலைப்பில் நின்று, "சோலைமலை… சோலைமலை… சோலைமலை" என்று கோர்ட்டு வழக்கப்படி மூன்று தரம் கூப்பிடுவார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன். பிறகு எதிரே வந்து உட்கார்ந்து, என் வாயையே பார்த்துக்கொண்டு, கடைசி எழுத்து வரைக்கும் கேட்பார். 'மேகமே நீ வாராதே' என்று நான் எடுத்தால் போதும், அவர் கண்ணிலிருந்து நீர் கொட்டும். வெங்காயப் பாட்டு அல்லவா, கண்ணில் தண்ணீர் வராமல் என்ன செய்யும் என்று தங்கமுத்து சொன்னது சுத்தப் பொறாமை. அந்த நாட்களில் நான் இரண்டு பிடி அதிகமாகச் சாப்பிட்டேன்.

ஐப்பசி பிறந்தது. மழை வரவில்லை. மண்டியில் சரக்கெல்லாம் காய்ந்து கலகலவென்று இருந்தது. என் பாட்டு பலித்துவிட்டது என்று நான் உள்ளூர நம்பத் தொடங்கினேன். அந்தச் சமயத்தில்தான் முத்துச்சாமி அண்ணன் வடையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்.

"செக்ரட்டரி தம்பி, நானும் ஒண்ணு கட்டிருக்கேன். இம்புட்டு நாளு கேட்டதுல என்னமோ தானா வந்துருச்சு. ஒரு தடவ பாடிக்கிரட்டுமா?"

சபை அதிர்ந்துவிட்டது. கேட்போர் பாடினால் கேட்பது யார்? அரசியல் சாசனச் சிக்கல். கடைசியில், அன்று ஒரு நாளைக்கு மட்டும் நாங்கள் எல்லோரும் 'தற்காலிகக் கேட்போர்' ஆவது என்று ஏகமனதாக நிறைவேறியது. தங்கமுத்துகூட அடுத்த பஸ்ஸில் போவதாகச் சொன்னார். தியாகம் என்றால் இதுதான்.

முத்துச்சாமி அண்ணன் எழுந்தார். தோள்துண்டை இடுப்பில் கட்டி, கோர்ட்டில் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நானும் நல்ல எண்ணத்தோடுதான் உட்கார்ந்தேன். என்ன செய்வது, அன்று காலையில்தான் எனக்குப் புதுச் சரணம் ஒன்று பிறந்திருந்தது.

சாக்கெல்லாம் நனைந்தாலே
சரக்கெல்லாம் அழுகுமே
மூக்கெல்லாம் பொத்திக்கிட்டு
முதலாளி அழுவாரே

'அழுவாரே'யை மேலே தூக்குவதா, கீழே இறக்குவதா? தூக்கிப் பார்த்தேன். இறக்கிப் பார்த்தேன். எங்கோ 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் நீளமாகக் கேட்டு நின்றது. சபை நிசப்தமாக இருந்தது. எல்லோரும் என்னைப் பார்ப்பதுபோல் தோன்றியது. சட்டென்று இரண்டு தரம் தலையை ஆட்டினேன்.

"பிரமாதம்ணே. அனுபல்லவியில மட்டும் தைவதம் லேசா எட்டிப் பாத்துச்சு. அது நம்ம சபையில கெடையாது."

"ரிஷபம் கொஞ்சம் தூக்கல்" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

"சரணந்தான் உருக்கிருச்சு" என்றார் சனாவுல்லா பாய், கண்ணைத் திறந்து.

தங்கமுத்து கைதட்டினார்.

முத்துச்சாமி அண்ணன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"தம்பி, நான் இன்னம் ஆரம்பிக்கவே இல்ல. தொண்டையத்தான் செருமுனேன்."

அவர் கோபப்படவில்லை. இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கோர்ட்டுல மூணு தரம் கூப்புட்டும் ஆளு வரலேன்னாத்தான் கேச தள்ளுவாக. இங்க ஆளு வந்து நிக்கயிலயே தள்ளிப்பிட்டீக" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். வடை அப்படியே இருந்தது. அதைத் தங்கமுத்து பஸ்ஸுக்கு எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். வீரலட்சுமி அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"அந்த மனுசன் எதப் பத்திப் பாட்டுக் கட்டுனாராம்?"

"தெரியாது."

"நாலு மாசமா ஒங்க வெங்காயத்தக் கேட்டுருக்காரு. ஒரு வார்த்த கேக்கலையா நீங்க? காலையில அவரு வீட்டுக்குப் போயி, அந்தப் பாட்ட முழுசாக் கேட்டுட்டு வாங்க. அப்பறம் இங்க காபி குடிக்கலாம்."

எனக்கும் மனசு உறுத்தத்தான் செய்தது. விடிந்ததும் போனேன். முத்துச்சாமி அண்ணன் வாசலில் வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடிப்போய் முக்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

"அண்ணே, நேத்து நடந்தத மனசுல வச்சுக்கிறாதீக. ஒங்க பாட்டக் கேக்கத்தான் வந்துருக்கேன்."

"இதுக்காகவா இம்புட்டுத் தூரம் வந்தீக?" அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "பெரிசா ஒண்ணுமில்ல தம்பி. குஜிலியம்பாறையில நமக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடு கெடக்கு. கடல போட்டது அம்புட்டும் காயுது. எம் பாட்டும் மேகத்தப் பத்தித்தான். நீங்க போகச் சொல்லிப் பாடும்போதெல்லாம், நான் மனசுக்குள்ள வரச் சொல்லிக்கிட்டே இருந்தேன். அதுதான் பாட்டாகிப் போச்சு."

கண்ணீரின் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. வேறு எவனாக இருந்தாலும் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நான் கலைஞன்.

"மேகம்னு சொன்னதும் ஞாபகம் வருதுண்ணே. நேத்துப் புதுச் சரணம் ஒண்ணு விழுந்துச்சு. ஒரே நிமிசம். அப்பறம் நீங்க பாடுங்க."

அவர் இடுப்புத் துண்டை அவிழ்த்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தார். நான் பல்லவியிலிருந்து எடுத்தேன். 'அழுவாரே'யை மேலே தூக்கினேன். அற்புதமாக விழுந்தது. முத்துச்சாமி அண்ணன் கடைசி எழுத்து வரைக்கும் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருக்கு தம்பி" என்று சொல்லி, குளிக்கப் போய்விட்டார். மண்டிக்கு நேரமாகிவிட்டதால் நானும் வீட்டுக்குப் புறப்பட்டேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

வீட்டு வாசலிலேயே வீரலட்சுமி நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன, முழுசாக் கேட்டீகளா?"

"முழுசாக் கேட்டாரு" என்றேன்.