கயிறு அங்கிளும் இலங்கைக் கடலும்

உலகத்தில் இதுவரை யாரையுமே தொலைக்காத ஒரே மனிதர் எங்கள் ஜோகுபாளையத்துக் கயிறு அங்கிள்தான். அரசாங்கங்கள் கப்பலையும் விமானத்தையும் தொலைத்திருக்கின்றன. அங்கிள் ஒரு குடையைக்கூடத் தொலைத்ததில்லை.

அவர் ஷாமியானா கடை வைத்திருக்கிறார். கல்யாணமோ சாவோ, தெருவை அடைத்துப் பந்தல் போடுவது தொழில். வருஷத்துக்கு ஒருமுறை தெருக்காரர்களை டூர் அழைத்துப் போவது பைத்தியம். இரண்டுக்கும் ஒரே கயிறு. பந்தல் கட்டும் அந்த மஞ்சள் நைலான் கயிற்றின் ஒரு முனை அவர் இடுப்பில் இருக்கும். மிச்சத்தை நாங்கள் வரிசையாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பார்க்கப் போவது அருவியோ புலியோ, சட்டம் ஒன்றுதான்.

"கயித்த புடிச்சவன் நம்மாளு. புடிக்காதவன் யாரோ," என்பார். தலையை எண்ணுவதில் அவருக்கு நம்பிக்கையில்லை.

ஒருமுறை லால்பாக் மலர்க் கண்காட்சி நெரிசலில் ஏதோ வெளியூர்க் குடும்பம் பயந்துபோய் எங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டது. வெளியே வந்ததும் அங்கிள் அவர்களையும் புல்தரையில் உட்காரவைத்துச் சித்ரான்னம் பரிமாறினார். "அங்கிள், இவங்க யாருன்னே தெரியாது," என்று காதில் சொன்னேன். "கயித்த புடிச்சாங்க இல்ல, சும்னே இரு," என்றார். அவர்களை எங்கள் வேனிலேயே ஏற்றிப்போய், மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் ஊர் பஸ் ஏற்றிவிட்ட பிறகுதான் அவர் தன் தட்டில் கை வைத்தார்.

போன வருஷம் இலங்கைக்குப் போனோம். மலையில் அருவி, கீழே இறங்கினால் காட்டு யானை, இன்னும் கொஞ்சம் இறங்கினால் கடல். எல்லாம் அரைநாள் தூரத்துக்குள். "இந்த நேரத்துக்கு நம்மூர்ல ஒயிட்ஃபீல்டு போய்ச் சேந்தாலே பெரிசு," என்று அங்கிளே அசந்துபோனார்.

அந்த டூரில் பிலோமினா அத்தையும் இருந்தாள். என் அப்பாவின் அக்கா. எழுபதைத் தாண்டியும் கடலை நேரில் பார்த்ததில்லை. அதற்காகவே கிளம்பினாள். எங்கள் வாசலில் நின்று அங்கிள் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்தார். "அக்காவ எப்படி கூட்டினு போறனோ, அப்படியே கொண்டாந்து உடறேன். என் பொறுப்பு."

ஆனால் அத்தை கயிற்றைத் தொடமாட்டேன் என்றாள். "நான் இன்னா ஆட்டுக்குட்டியா?"

யானைக் காட்டில் ஜீப்புக்குள் உட்கார்ந்திருந்தபோதும் அங்கிள் கயிற்றை விடவில்லை. பக்கத்தில் வந்து நின்ற ஒரு பெரிய யானை கயிற்றையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தது. "பாருங்க தம்பி," என்றாள் அத்தை. "அத யாரும் கட்டல. நம்மளத்தான் கட்டி வெச்சிருக்கீங்க." டிரைவர் சிங்களக்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் சிரித்தார்.

அன்று சாயங்காலம் கடற்கரை ரிசார்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். வெள்ளைக்காரர்கள் சாய்வு நாற்காலியில் இளநீர் குடித்துக்கொண்டிருக்க, நாங்கள் கணுக்கால் தண்ணீரில் கயிற்றைப் பிடித்தபடி நின்றோம். அவர்கள் போட்டோ எடுத்தார்கள். எனக்கு மானமே போய்விட்டது. கயிறு பிடிக்காத அத்தையை அங்கிள் தென்னை மரத்தைத் தாண்டவே விடவில்லை. "கடலாண்ட வந்தும் கால் நனைக்க உடல. பேஜார் புடிச்ச மனுஷன்," என்று முணுமுணுத்துக்கொண்டே தூங்கப் போனாள்.

மறுநாள் பொழுது விடியும்போது அத்தையின் அறை காலியாக இருந்தது. பதறிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினோம். தண்ணீர் ஓரத்தில் அவளுடைய செருப்பு மட்டும் கிடந்தது. அலைகள் ஆளுயரத்துக்கு எழும்பிக்கொண்டிருந்தன.

அங்கிள் அந்தச் செருப்பையே பார்த்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. கணுக்காலுக்கு மேல் அவர் கடலில் நனைந்து யாரும் பார்த்ததில்லை. இடுப்பு முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார். மறு முனையை என் கையில் திணித்தார். "உட்றாதீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு, "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டபடியே கடலுக்குள் இறங்கிவிட்டார்.

மார்பளவு தண்ணீரில் ஓர் அலை வந்து அவரை அப்படியே மூடியது. தலை தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் சேர்ந்து இழுத்தோம். ஈரக் கயிறு கையில் வழுக்கியது. அந்த நேரம் பார்த்து வரிசையின் கடைசியில் யாரோ வந்து சேர்ந்து பலமாக இழுக்க, அங்கிள் கரைப்பக்கம் நகர ஆரம்பித்தார்.

"யாரு உள்ள மாட்டிக்கினாங்க?" என்று மூச்சு வாங்க ஒரு குரல் கேட்டது.

திரும்பினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாள் பிலோமினா அத்தை. கரையோரம் நடந்து போனவளுக்கு ஒரு மீன்காரர் கைஜாடையில் ஒரு கடலாமையைக் காட்டினாராம். முட்டையிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்ததாம். அது தண்ணீருக்குள் போய் மறைகிறவரைக்கும் நின்று பார்த்திருக்கிறாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. போன உயிர் திரும்பி வந்தது.

அங்கிள் மணலில் வந்து விழுந்து உப்புத் தண்ணீரைத் துப்பினார். பிறகு நிமிர்ந்தார். முதலில் அவர் அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை, கயிற்றைப் பிடித்திருந்த கையைத்தான் பார்த்தார். திட்டப் போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

"அக்கா," என்றார். "காலைல திண்டி சாப்ட்டாச்சா?"

"இன்னும் இல்ல தம்பி."

அவர் இடுப்பு முடிச்சை அவிழ்க்கப் போனார். அத்தை அவர் கையைத் தட்டிவிட்டாள். "இருக்கட்டும். ஓட்டல் வரைக்கும் நான் புடிச்சிக்கிறேன். உங்கள நம்பி தனியா உட முடியாது."

இடுப்பில் கயிற்றோடு அங்கிள் முன்னால் நடக்க, அத்தை பின்னால் பிடித்துக்கொள்ள, அவளுக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும் போனோம். வெள்ளைக்காரர்கள் மறுபடியும் போட்டோ எடுத்தார்கள். நான் கயிற்றை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.