இருபதாம் பாகத்தை அண்ணனுக்கு அனுப்பிய விவரம்

சியாயி,
வெள்ளிக்கிழமை

மதிப்பிற்குரிய அண்ணி மெய்-யுன் அவர்களுக்கு, கொழுந்தன் சிங்-மோ வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் மனைவி ஷியூ-ச்சின்னும் நலம். தைச்சுங்கில் மகளும் மருமகனும், முக்கியமாக உங்கள் முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

அண்ணனின் நினைவு நாளுக்கு நீங்கள் வர முடியாததால் படையலை நாங்களே போட்டோம். கோழி, மீன், ஆரஞ்சு, வேர்க்கடலை மிட்டாய், ஒன்றிலும் குறையில்லை. சாப்பிட்டாரா என்று கேட்டு, குறி பார்க்கும் பிறைக்கட்டைகள் இரண்டையும் தரையில் போட்டேன். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்து 'ஆமாம்' என்றால்தானே நாம் படையலில் கை வைக்க முடியும்? இரண்டும் மல்லாந்து விழுந்தன, அதாவது அண்ணன் சிரிக்கிறார். மறுபடி போட்டேன், மறுபடி சிரித்தார். பதினோரு தடவை போட்டு, ஊதுபத்தியை இரண்டு முறை மாற்றி, கோழி விறைத்துப்போய், எனக்குப் பசி கண்ணைக் கட்டியபோது ஷியூ-ச்சின் சமையலறையிலிருந்து, "சாப்பாட்டைப் பத்தியே கேட்டுக்கிட்டிருந்தா எப்படிங்க? அந்தப் புத்தகத்தைப் பத்திக் கேளுங்க" என்றாள். இருபதாம் பாகம் வேண்டுமா என்று கேட்டுப் போட்டேன். மூன்று தடவையும் 'ஆமாம்'.

'பனித்துறை நாடு' நாவலின் இருபது பாகங்களில் ஒற்றைப்படையை அவரும் இரட்டைப்படையை நானும் வாங்கி மாற்றிக்கொண்டது உங்களுக்குத் தெரியும். பத்தொன்பதில் தளபதி ஹுவோ எதிரிக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டான். ஊரைக் காப்பாற்றினான் என்றார் அண்ணன். துரோகி என்றேன் நான். அந்தக் கோபத்தில் கடைசிப் பாகத்தை நான் கொடுக்கவே இல்லை. வந்து கேட்கட்டும் என்று இருந்தேன். கேட்காமலே போய்விட்டார். முடிவு தெரியாமல் போனாரே என்று மூன்று வருஷமாக நெஞ்சை அறுக்கிறது அண்ணி. இதை உங்களிடம் சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.

ஆக, எரித்து அனுப்ப வேண்டியதுதான். ஆனால் அந்தப் புத்தகம் இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. "காகித வீடு அங்கே நிஜ வீடாகுது, காகிதக் கார் நிஜக் காராகுது, நகல் எடுத்து எரிச்சா மட்டும் புத்தகமாகாதா?" என்றேன். "என்கிட்ட ஏன் கேக்குறீங்க? அவர்கிட்டயே கேளுங்க" என்றாள் ஷியூ-ச்சின். கேட்டேன். சிரித்தார்.

சரி, பிரிவதற்கு முன் ஒரு தடவை என்று, என்னிடமே தங்கிவிட்ட அண்ணனின் பாகங்களையும் சேர்த்து முதல் பாகத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன். ஆறு வாரம் ஆயிற்று. மேகத்தின் மேல் படகு விடும் ஒற்றைக்கண் சூ-லான், துடுப்பால் தட்டித் தட்டி மேகத்தின் ஆழம் பார்க்கிறாளே, அந்தப் பக்கங்களை எல்லாம் அந்தக் காலத்தில் தள்ளிவிட்டு வாள் சண்டைக்கு ஓடியிருக்கிறேன். தவளைக்குப் பயப்படும் ஆற்று டிராகனை நினைத்து ரயிலில் தனியாகச் சிரித்தேன். தளபதி ஹுவோ கதவைத் திறப்பதற்கு முன் ஊர்க் கிணற்றில் கயிறு விட்டுப் பார்க்கிறான், ஒரு முழம்கூட நனையவில்லை. அந்த ஒரு வரி முன்பு என் கண்ணிலேயே படவில்லை. அண்ணன் சொன்னதுதான் சரி.

இன்று காலை வாசலில் தகரத் தொட்டியை வைத்து இருபதாம் பாகத்தை எரித்தேன். துணி காயப்போட்டிருந்த பக்கத்து வீட்டம்மா, "எல்லாரும் காசுத்தாள்தான் எரிப்பாங்க, நீங்க என்ன நூலகத்தையே எரிக்கிறீங்க?" என்று கேட்டார். நான் அதைக் காதில் வாங்காமல், "தோத்துட்டேன் அண்ணா" என்று சத்தமாகவே சொல்லிக் கட்டையைப் போட்டேன். முதல் தடவையிலேயே 'ஆமாம்'. நீங்களும் என்னை மன்னித்ததாக ஒரு வரி எழுதினால் நிம்மதியாகத் தூங்குவேன்.

உங்கள் முழங்கால் சீக்கிரம் மாடிப்படி ஏறட்டும். வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு.

பணிவுடன்,
லியாவ் சிங்-மோ

பி.கு.: தபால்தலை ஒட்டிய பிறகு, ஷியூ-ச்சின் உங்களுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் உளறிவிட்டாள். "தம்பி, அவர் அதை வாடகைப் புத்தகக் கடையில அந்த மாசமே படிச்சு முடிச்சிட்டார். 'சிங்-மோ சொன்னதுதான் சரி, அந்த ஹுவோ துரோகிதான். புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு வரட்டும், அப்ப சொல்றேன்'னு வாசலைப் பார்த்துக்கிட்டே இருந்தார்" என்றீர்களே, போனை வைத்த பிறகு சற்று நேரம் அழுதேன். பிறகு கோபம் வந்துவிட்டது. மேலே நான் தோற்றதாக எழுதியதை அடித்துவிட்டுப் படியுங்கள். பத்தொன்பதாம் பாகத்தில் அந்தக் கிணற்று வரியை அவர் ஒழுங்காகவே படிக்கவில்லை. அடுத்த வருஷம் சாப்பிட வரட்டும், பேசிக்கொள்கிறேன்.