காப்புக் கட்டிய ஊரில் ஒரு கள்ளக்குடியேறி

கிரீன் கார்டு வரிசையில் பதினோரு வருடமாகக் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கும் அன்பு மருமகன் சூர்யபிரகாஷுக்கு, நன்னிலம் வட்டாரத்தில் ஆறு மா நிலத்துக்குச் சக்கரவர்த்தியும் உன் தாய்மாமனுமான சாரங்கபாணி ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நான், உன் அத்தை மேகலா, இரண்டு பசு, ஒரு மோட்டார் எல்லோரும் சௌக்கியம்; மோட்டாருக்கு மட்டும் லேசாக மூச்சிரைப்பு.

"சட்டப்படி வராதவனையெல்லாம் பிடிச்சு அனுப்புங்கறான் ஒருத்தன், இருக்கறவனுக்கு ஒரு வழி பண்ணுங்கறான் இன்னொருத்தன், இங்க தினமும் இதே சண்டைதான். உங்க கருத்து என்ன மாமா?" என்று போனில் கேட்டிருந்தாய். என் கருத்து போனுக்குள் அடங்குகிற சைஸா? ஆகவே கடிதம். முன்கூட்டியே சூடம் அடித்துச் சொல்கிறேன்: இனி நான் எழுதப்போவதை ஈரேழு பதினான்கு லோகத்திலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். நீயும் சிரமப்பட்டு நம்ப வேண்டாம்.

இந்த ஆனியில் நம் ஊர் குறுவை நடவுக்கு மேற்கு வங்காளத்திலிருந்து பன்னிரண்டு பேர் வந்து என் மோட்டார் கொட்டகையில்தான் தங்கியிருந்தார்கள். தலைவன் பெயர் ஷஹ்பாஸ். என் நிலத்தை அவர்கள் நட்டுக்கொண்டிருக்க, நான் டீக்கடையில் உட்கார்ந்து அவர்கள் எல்லை தாண்டி வந்தவர்கள் என்று தேசத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். ஷஹ்பாஸ் ஆதார் அட்டையைக் காட்டினான். "அட்டை யாரு வேணா அடிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, நாற்பது பக்கத்தில் ஒரு மனு எழுதினேன். அதில் முப்பத்தெட்டு பக்கம் என்னைப் பற்றிய அறிமுகம்.

இதற்கிடையில் ஞாயிற்றுக்கிழமை மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. விதி உனக்கே தெரியும்: கட்டினபிறகு எட்டு நாளும் ஊரார் யாரும் வெளியே ராத்தங்கக் கூடாது, தங்கினவன் திருவிழா முடியும்வரை எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது. இந்த வருஷம் அதை மைக்கில் முழங்கியவன் நான்தான். "எல்லைன்னா எல்லைதான்யா!" என்று நான் போட்ட சத்தத்தில் பேராவூரணி வரைக்கும் தேங்காய் உதிர்ந்ததாகக் கேள்வி.

செவ்வாய்க்கிழமை மனுவோடு திருவாரூர் போனேன். மனு வாங்குகிற நாள் திங்கள்கிழமை என்பது அங்கே போனபிறகுதான் தெரிந்தது. போனது போனோமே என்று ஒரு கல்யாண வீட்டில் நுழைந்து மூன்று பந்தி சாப்பிட்டேன், மூன்றாவது பந்தியில்தான் அது யார் வீட்டுக் கல்யாணம் என்று விசாரித்தேன், அப்புறம் பஸ்ஸில் ஏறிக் கண்ணை மூடினேன், திறந்தபோது நடத்துனர் "பெரியவரே, வேதாரண்யம்! இதுக்கு மேல கடல்தான் இருக்கு, இறங்குங்க" என்று உலுக்கிக்கொண்டிருந்தார். திரும்ப பஸ் காலையில்தானாம். எல்லையைக் காக்கப் புறப்பட்டவன் எல்லைக்கு வெளியே ராத்தங்கிவிட்டேன், மருமகனே. இனி எப்படியாவது யார் கண்ணிலும் படாமல் என் வீட்டுக்குள் நான் போய்ச் சேர வேண்டும்.

ரோட்டு வழியே போனால் அண்ணாதுரை நிற்பான். எல்லைக் காவலுக்கு அவனை நியமித்தவனும் நான்தான். ஆகவே வாய்க்காலில் இறங்கி, முதலைகளோடு போராடி (முதலை என்பது உனக்காகச் சேர்த்தது, தவளைதான்), என் வயலில் கரையேறினேன். வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்த ஷஹ்பாஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான். அரையடி நகர்ந்து வரிசையில் இடம் விட்டான். தன் துண்டை அவிழ்த்து என் தலையில் கட்டினான். கையில் ஒரு முடி நாற்றைத் திணித்து, "மாமா, தலை கீழ" என்றான்.

வரப்பில் வந்து நின்றான் அண்ணாதுரை. "பன்னெண்டு பேருதானே? இப்ப பதிமூணு தலை தெரியுது?"

"புது ஆள்" என்றான் ஷஹ்பாஸ்.

"யாருய்யா அவன், நாத்தைத் தலைகீழா நடுறான்? இவனுக்கும் வயலுக்கும் ஏழு தலைமுறையா சம்பந்தமே இருக்காது போலிருக்கே. இவனை முதல்ல ஊருக்கு அனுப்புங்கப்பா!"

ஏழு தலைமுறை மிராசுக்காரன் நான் இன்னும் கொஞ்சம் குனிந்தேன். ஆனால் அந்த நேரம் பார்த்து ஓர் அட்டை என் கெண்டைக்காலைக் கடித்தது. "அய்யோ மேகலா!" என்று நான் போட்ட கூப்பாட்டில் கொக்குகள் இலங்கைக்கே போய்விட்டன.

குரலிலேயே பிடிபட்டேன். கோயில் வாசலில் கூட்டம். நாட்டாண்மை வைரக்கண்ணு நடுவில் உட்கார, ஊர் உடனே இரண்டு கட்சியானது. பாதிப் பேர், "திருவிழா முடியற வரைக்கும் எல்லைக்கு வெளிய மதகடியில கிடக்கட்டும்." மீதிப் பேர், "பாவம், மஞ்சத்தண்ணிய ஊத்தி உள்ள விடுங்க." உன் அத்தை எந்தக் கட்சி என்று நினைக்கிறாய்? "உள்ள விடாதீங்கண்ணே. அதுவரைக்குமாவது நான் ஒரு வேளை மட்டும் சமைச்சுக்கிட்டு நிம்மதியா இருக்கேன். வேலி போடணும்னா சொல்லுங்க, முள்ளு நானே வெட்டித் தர்றேன்."

வைரக்கண்ணு என்னைப் பார்த்தார். "சாரங்கபாணி, கணக்குப்படி காப்புக் கட்டுனதுலேருந்து உள்ளயே கிடக்கறது ஷஹ்பாஸ். வெளியாளு நீதான்."

அப்போது ஷஹ்பாஸ் எழுந்தான். "மாமா ராத்திரி வெளிய இல்ல. கொட்டகையில, எங்ககூட. பெரிய குறட்டை. ரயில் மாதிரி."

"குறட்டையைச் சரியாத்தான் சொல்றான்" என்றாள் உன் அத்தை, மனமில்லாமல்.

தப்பித்தேன் என்று நான் மூச்சு விடுமுன், அண்ணாதுரை என் சட்டைப் பையிலிருந்து மனுவை உருவி, முப்பத்தொன்பதாம் பக்கத்தை உரக்கப் படித்தான்: "இவர்கள் சொல்லும் ஒரு சொல்லையும் நம்பலாகாது."

"எதைய்யா நம்பறது?" என்றார் வைரக்கண்ணு. "உன் மனுவையா, இவன் சாட்சியையா? மனு நெசம்னா நீ மதகடிக்குப் போ. சாட்சி நெசம்னா மனு பொய்யின்னு சொல்லு."

மருமகனே, உன் மாமன் யோசிக்கவே இல்லை. மனுவைப் பிடுங்கி, நாற்பது பக்கத்தையும் சபையிலேயே தின்று தீர்த்தேன். என்னைப் பற்றிய அறிமுகப் பகுதிதான் செரிக்கக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. குடிக்கத் தண்ணீர் கொடுத்தவனும் ஷஹ்பாஸ்தான்.

உன் வரிசை சீக்கிரம் நகரட்டும், காய்ந்த ரொட்டியைத் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, அம்மன் கடல் தாண்டியும் உன்னைக் கண் திறந்து பார்ப்பாள்.

இப்படிக்கு,
ஜீரணமாகாத உன் மாமன்
சாரங்கபாணி

பி.கு.: தபாலில் சேர்க்கப் போகும்போது மனசு கேட்கவில்லை. மேலே உள்ளதெல்லாம் அளப்பு. நான் வேதாரண்யம் போகவில்லை, மனு எழுதவில்லை, காகிதம் தின்னவில்லை. ஷஹ்பாஸ் நட்டு முடித்து நேற்றே பக்கத்து ஊருக்குப் போய்விட்டான்; எனக்கும் அவனுக்கும் ஒரு தகராறும் கிடையாது. ஒரே ஒரு சின்ன இடம் மட்டும் நிஜம். ஒருவன் அரையடி நகர்ந்து, என் தலையில் துண்டைக் கட்டிக் குனியச் சொன்னான். அது நம் வயலில் இல்லை, மலேசியாவில் ஓர் எண்ணெய்ப்பனை நாற்றுப் பண்ணையில். நான் பர்மிட்டோடு சூப்பர்வைசராகப் போனேன் என்றுதான் உன் அம்மா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். டூரிஸ்ட் விசா முடிந்து அப்போது எட்டு மாதம். வந்து நின்று தலை எண்ணியவர்கள் துப்பாக்கி வைத்திருந்தார்கள். நகர்ந்தவன் பங்களாதேஷ்காரன். அவனிடம் பர்மிட் இருந்தது; நான் பிடிபட்டிருந்தால் அதுவும் போயிருக்கும். அவன் பேரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.