யாருக்கும் ஆட்சேபணை இல்லாத நிழற்குடை

ஊருக்கு நல்லது சொல்ல ஒரு குழு போட்டார்கள் என்றால், அந்த நல்லதை யாரும் செய்யப் போவதில்லை என்று அர்த்தம். இது எனக்கு இப்போது தெரிகிறது. தொண்ணூறுகளில், வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு மேற்கு மாம்பலத்தில் எங்கள் வார்டு ஆலோசனைக் குழுவில் ‘மகளிர் பிரதிநிதி’ என்று போய் உட்கார்ந்தபோது தெரியவில்லை. (பிரதிநிதி என்றதும் மயங்கிவிட்டேன். காபி டம்ளர்களை எடுத்து வைக்கத்தான் ஒரு மகளிர் தேவைப்பட்டாள் என்பது முதல் கூட்டத்திலேயே உறைத்திருக்க வேண்டும்.)

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஆபீஸ் அடையாறில். காலையில் நான் பஸ் ஏறும் மெயின் ரோட்டு ஸ்டாப்பில் ஒரு கம்பமும், அதன் தலையில் ஒரு தகரமும் தவிர வேறெதுவும் கிடையாது. கம்பத்தின் நிழலில் ஒருவர் நிற்கலாம், ஒல்லியாக இருந்தால். நான் அந்த நிலையில் இல்லை. மாசிக் கடைசியில் ஒரு நாள் கண் இருட்டிக்கொண்டு வந்து அங்கேயே சரிந்துவிட்டேன். ஸ்டாப்பை ஒட்டிப் பாத்திரக் கடை வைத்திருந்த திருநெல்வேலி அண்ணாச்சிதான் ஓடி வந்து, ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, சோடா வாங்கிக் கொடுத்தார்.

“வாயும் வயிறுமா இருக்க பிள்ளைய இப்படி வெயில்ல நிறுத்துதானுவளே, இவனுவ வெளங்குவானுவளா?” என்று எனக்காக ஊரையே திட்டினார். அங்கே ஒரு நிழற்குடை வராமல் ஓய்வதில்லை என்று அந்த ஸ்டூலில், சோடா ஏப்பத்தோடு, சபதம் செய்தேன்.

குழுவுக்குத் தலைவர் பட்டாபி மாமா. ஏதோ ஓர் இலாகாவில் பெரிய அதிகாரியாக இருந்து ரிட்டையர் ஆனவர். இரண்டாவது கூட்டத்தில் நான் எழுந்து வெயிலைப் பற்றியும் கர்ப்பிணிகளைப் பற்றியும் உருக்கமாகப் பேசினேன். எல்லோரும் கைதட்டினார்கள். நிழற்குடை கட்டாயம் வேண்டும் என்றார்கள். கார்ப்பரேஷனிலிருந்து வந்திருந்த எஞ்சினீயர் “எங்கே?” என்று ஒரு கேள்வி கேட்டார். அதோடு சரி, வந்தது வினை.

பாத்திரக் கடை வாசலில் என்றேன். குழுவில் வியாபாரிகள் சார்பாக உட்கார்ந்திருந்தவர் யார் தெரியுமா? அதே சோடா அண்ணாச்சி.

“கடைய மறைச்சிருமே தங்கச்சி! எம் போர்டு தெரியலன்னா குடம் வாங்க வாரவுக பக்கத்துக் கடைக்குல்லா போயிருவாவ!”

சற்றுத் தள்ளி என்றால் அது பட்டாபி மாமா வீட்டு வாசல். “ஷெல்டர்னு ஒண்ணு வந்துட்டா கண்ட பசங்களும் உக்காந்துண்டு சிகரெட் ஊதுவான். நேக்கு ஆத்துல வயசுப் பொண் இருக்கு” என்றார். அதற்கும் அப்பால் கல்யாண மண்டபம். மாப்பிள்ளை அழைப்புக் கார் திரும்ப இடம் வேண்டுமாம், அதன் மேனேஜர் சொன்னார். (மாப்பிள்ளை பத்தடி நடந்தால் முகூர்த்தம் தப்பிவிடுமா என்று கேட்டேன். அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.)

எஞ்சினீயர் கடிகாரத்தைப் பார்த்தார். “மார்ச்சுக்குள்ள இடம் சொல்லலன்னா ஒதுக்கின பணம் திரும்பிப் போயிடும் சார். யாருக்கும் ஆட்சேபணை இல்லாத இடமாப் பார்த்துச் சொல்லுங்க.”

அப்படியும் ஓர் இடம் இருந்தது. பின்பக்கத்துச் சந்தில், சாக்கடைத் தண்ணீர் இறைக்கும் பம்ப் ஹவுஸின் சுவர். அங்கே வீடு கிடையாது, கடை கிடையாது, ஆட்சேபிக்க ஆளே கிடையாது.

“அங்கே பஸ்ஸே வராதே மாமா!” என்று அலறினேன்.

“மொதல்ல ஷெல்டர் வரட்டும்மா. ஷெல்டர்னு ஒண்ணு இருந்தா பஸ்ஸைத் திருப்பி விட்டுத்தானே ஆகணும்? அதுக்கும் ஒரு தீர்மானம் போட்டுடலாம்.”

இத்தனை வருஷ சர்வீஸ் பேசுகிறது என்று நம்பி, நானும் கையைத் தூக்கித் தொலைத்தேன். ஏகமனதாக நிறைவேறியது. திரும்பிப் போகப் பார்த்த பணம் என்பதால் வேலை மின்னல் வேகத்தில் முடிந்தது. ரிப்பன் வெட்டியது நான்தான். வந்தவர்கள் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்ததால் கைதட்டல் கொஞ்சம் குறைவு. “பஸ் ஸ்டாப் வந்தாச்சு, பஸ் எப்போடீ வரும்?” என்று மாமியார் கேட்டார். தீர்மானம் போட்டிருக்கிறது என்றேன். என் கணவர் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். பேப்பர் குலுங்கியது.

நான் கத்திரி வெயிலிலும் பழைய கம்பத்தடியில்தான் நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் அதிசயம் நடந்தது. குழாய் பதிக்க மெயின் ரோட்டைத் தோண்டினார்கள். பஸ்களை எங்கள் சந்து வழியாகத் திருப்பி விட்டார்கள்! மறுநாள் காலை, ஒன்பதாம் மாத வயிற்றோடு, என் நிழற்குடையின் கீழ் மகாராணி போல நின்றேன். அடையாறு பஸ் வந்தது. கை காட்டினேன். நிற்காமல் போயிற்று.

“யோவ், ஷெல்டர் கண்ணுக்குத் தெரியலையா?” என்று கத்தினேன்.

படியில் தொங்கிய கண்டக்டர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “ஷெல்டர் கீதும்மா, ஸ்டாப்பிங் இல்லியே!”

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! அண்ணாச்சி, மாமா, மண்டபம், மார்ச் மாதம் எல்லாம் சேர்ந்து தலைக்கேறியது. அடுத்த பஸ் தெரிந்தது. நம்பரைப் பார்த்தேன், சரியான நம்பர். சந்தின் நட்டநடுவே போய், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வயிற்றை முன்னால் தள்ளி நின்றேன். பஸ் கிறீச்சிட்டு நின்றது. சத்தம் கேட்டு அண்ணாச்சி கடையை விட்டு ஓடி வந்தார். பட்டாபி மாமா சந்து முனையில் துண்டோடு நின்று பார்த்தார்.

“நான் ஆலோசனைக் குழு மெம்பர்! இது நான் கட்டின ஸ்டாப்! இனிமே இங்கே நிக்காம ஒரு வண்டியும் போகப்படாது!” என்று முழங்கிவிட்டு ஏறினேன்.

“அடையாறு ஒண்ணு” என்றேன், மூச்சு வாங்க.

இந்தக் கண்டக்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “இது அடையாறுலேர்ந்து வர்ற வண்டிம்மா. அசோக் நகர் போய்க்கினு கீது.”

நம்பரைப் பார்த்தேனே தவிர, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே அண்ணாச்சியும் மாமாவும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். இவர்கள் முன்னால் இறங்குவதாவது! “சரி, அசோக் நகரே குடுங்க” என்றேன்.

அன்றிலிருந்து, தப்பான ஆளிடம் நான் எப்போது கோபித்துக்கொண்டாலும் வீட்டில் சொல்வது ஒன்றுதான்: “அம்மா அசோக் நகருக்கு டிக்கெட் எடுத்துட்டா!” அன்று வயிற்றுக்குள் இருந்தவள்தான் இப்போது இதை அதிகம் சொல்கிறாள்.

சிரிக்கட்டும். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. குழாய் பதித்ததும் பஸ்கள் மெயின் ரோட்டுக்கே போய்விட்டன. நிழற்குடையில் நாய்கள் சுகமாகத் தூங்கின. கம்பத்தடியில் பெண்கள் கைப்பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வீட்டில் இவர்கள் சிரிக்கும்போது நான் ஒன்று மட்டும் சொல்வதுண்டு. அன்று அந்த பஸ்ஸில் ஏறியதும், முன் சீட்டில் இருந்த பூக்காரம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, “குந்து கண்ணு” என்று இடம் கொடுத்தாள். எந்தக் குழுவையும் அவள் கேட்கவில்லை. அந்தக் கோடையில் நான் நிழலில் உட்கார்ந்தது அசோக் நகர் வரைக்கும்தான்.