பேரை நீங்களே சொல்லுங்க

அன்புக்கும் கண்டிப்புக்கும் குறைவைக்காத மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அத்தை நலத்துக்கும் ஒரு படி மேலே. அங்கே நீயும் என் மகனும் நலமாக இருப்பதாகவே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் முதல் வாக்கியத்திலேயே நீ "ஐயோ மாமா" என்பாய், உன் பின்னால் நின்றுகொண்டு அவன் "என்னவாம், என்னவாம்" என்பான், நான் எங்கே விட்டேன் என்று தேடிக்கொண்டிருப்பேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. வங்கியின் லாக்கர் அறையில் தனியாக உட்கார்ந்து வேலை பார்த்தவனுக்கு அந்த வசதி இல்லாமல் ஒன்றும் ஓடாது.

உன் அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்ததும், பெண்கள் வார்டில் ராத்திரி ஆண்கள் தங்கக் கூடாது என்று என்னை வீட்டுக்கு விரட்டி, அவள் தங்கையை, உன் சின்ன அத்தையை, துணைக்கு வைத்துக்கொண்டார்களே, அதுவரை உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. நான் கிளம்பும்போது உன் அத்தை கையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, காலைல கட்டுப் பிரிக்கும்போது நீங்க எதிர்ல நிக்கணும். ரொம்ப நாளா எல்லாமே ஆவி படிஞ்ச கண்ணாடி மாதிரிதான் தெரியுது. தெளிஞ்ச கண்ணுல முதல்ல உங்க மூஞ்சிதான் படணும். டாக்டர் மூஞ்சி எனக்கு வேண்டாம்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது எதுவுமில்லை. கண்டிப்பாக நிற்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் நீ போனில் எனக்குப் பாடம் எடுத்தாய். அப்பா தனியாக ஆப்பில் பிடித்த வாடகைக் காரில் போக வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போகட்டும் என்று உன் வீட்டுக்காரன் முனகியது என் காதில் விழாமல் இல்லை. "மாமாவுக்கு ஒரு தடவை சொன்னா போதும்" என்று நீதான் எனக்காகப் பேசினாய். அந்த நம்பிக்கை வீண்போகவில்லை என்பதற்கு இந்தக் கடிதமே சாட்சி. நம்பர் பார்க்காமல் ஏறாதே, போட்டோவில் இருக்கும் முகம்தானா என்று பார், நம் பெயரை நாமாகச் சொல்லாதே, யாரை அழைத்துப் போக வந்தீர்கள் என்று அவரைச் சொல்லவை, பின்சீட்டில் உட்கார், பெல்ட் போடு, போகிற வழியை வீட்டாருக்கு அனுப்பு, வேகமாகப் போனால் நிதானமாகப் போகச் சொல், சொந்த விஷயம் பேசாதே. இத்தனையையும் செய்தேன். செய்ததால் என்ன ஆயிற்று என்பதுதான் கதை.

காலையில் குளித்து, உன் அத்தைக்குப் பிடித்த நீலக் கோடு சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வெள்ளைக் கார் வந்து நின்றது. ராத்திரி பெய்த மழையில் நம்பர் பலகை முழுக்கச் சேறு. இரண்டு எழுத்துக்கு மேல் தெரியவில்லை. சரிதான் போ என்று ஏறுகிறவனா நான்? கைக்குட்டையை எடுத்து, குனிந்து, பலகையை ஓரம்வரை துடைத்தேன். ஓட்டுநர் கீழே இறங்கி வந்து, "வண்டி கழுவறதுக்கு நான் ஒண்ணும் சொல்லலியே சார்" என்றார். நம்பர் சரியாக இருந்தது. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போனேன். போட்டோவில் இருப்பவருக்கு நல்ல அடர்த்தியான மீசை. எதிரே நின்றவருக்கு மேலுதடு பளிச்சென்று இருந்தது. "அதை எடுத்தாச்சு சார். குத்துதுன்னு பொண்ணு முத்தம் குடுக்க மாட்டேங்குறா." ஆதாரம் இல்லாத பேச்சை நான் ஏற்பதில்லை. விரலை மூக்குக்குக் கீழே குறுக்காக வைத்துக் காட்டச் சொன்னேன். பாவம், நடுத்தெருவில் வைத்துக் காட்டினார். அவரேதான்.

"சரி, யாரைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கீங்க?" என்று கேட்டேன், நீ சொல்லிக்கொடுத்த அதே குரலில்.

"நீங்க சொல்லுங்க சார்" என்றார்.

"நான் சொல்லக் கூடாது. நீங்கதான் சொல்லணும்."

"நானும் சொல்லக் கூடாது சார். போன வாரம் இப்படித்தான் ஒருத்தர்கிட்ட பேரைச் சொல்லி, நீங்கதானான்னு கேட்டேன். நான்தான்னு ஏறி உட்கார்ந்துட்டாரு. பாதி தூரம் போனப்புறம் உண்மையான ஆள் போன் பண்ணி என்னை வறுத்து எடுத்துட்டாரு. வீட்ல சொல்லிட்டா, இனிமே பேரை நீங்க சொல்லாதீங்க, அவங்களைச் சொல்ல வைங்கன்னு. பேரை நீங்களே சொல்லுங்க."

அவர் வீட்டிலும் ஒரு நீ இருக்கிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் சொன்னதில் தப்பில்லை, நான் சொன்னதிலும் தப்பில்லை, கார் மட்டும் நகரவில்லை. "அப்ப ஓடிபி சொல்லுங்க சார், அதுல தெரிஞ்சிடும்" என்றார். எனக்கு வந்ததே கோபம். ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்தவன் நான். அதைப் போய் நடுரோட்டில், அதுவும் மீசை எடுத்த ஆளிடம் சொல்வேனா? மாட்டேன் என்றேன். வெயில் ஏறியது. முகம் வியர்த்தது. கைக்குட்டையை எடுத்து நன்றாகத் துடைத்துக்கொண்டேன். அவர் என் முகத்தையே பார்த்து, "சார், உங்க மூஞ்சில..." என்று ஆரம்பித்தார். "சொந்த விஷயம் எதுவும் பேசக் கூடாது" என்று அதட்டினேன். வாயை மூடிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துச் சின்ன அத்தை போன். "மாமா, டாக்டர் வார்டுக்குள்ள வந்துட்டாரு. அந்தக் கோடியிலேருந்து கட்டுப் பிரிச்சுட்டே வர்றாங்க. அக்கா வாசலையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கா. பார்க்கறான்னா, அந்தப் பக்கம் மூஞ்சியைத் திருப்பி வச்சிருக்கா." வேறு கார் கூப்பிட நேரமில்லை, நடந்து போகிற தூரமுமில்லை. வாக்குக் கொடுத்துவிட்டு வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறேனே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

அப்போதுதான் அம்மா, லாக்கர் அறை கைகொடுத்தது. லாக்கர் ஒரு சாவிக்குத் திறக்காது. வங்கிச் சாவியை நான் திருப்ப வேண்டும், தன் சாவியை வாடிக்கையாளர் திருப்ப வேண்டும். இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை கிடையாது, அதனால்தான் கதவு ஒழுங்காகத் திறக்கிறது. "இப்படி வச்சுக்குவோம். முதல் எழுத்தை நான் சொல்றேன். ரெண்டாவது நீங்க. மூணாவது நான். தப்பு வந்தா அங்கேயே நிறுத்திக்கலாம்" என்றேன். அவர் யோசித்துப் பார்த்து, "இது நியாயமான பேச்சு சார்" என்றார். முதல் எழுத்தை நான் சொன்னேன். அவர் போனை நெஞ்சோடு அணைத்து ஓரக்கண்ணால் பார்த்து இரண்டாவதைச் சொன்னார். என் அப்பா எனக்குப் பெயர் வைக்கும்போது கஞ்சத்தனம் பார்க்காதவர் என்பது உனக்குத் தெரியும். மாறி மாறிச் சொல்லிக்கொண்டே போய்க் கடைசி எழுத்து அவர் வாயிலிருந்து விழுந்ததும், எதிர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் கைதட்டினார். ஓடிபியை நானே அவர் போனில் அடித்தேன், அவரை அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு.

பின்சீட்டில் பெல்ட்டின் கொக்கி இருக்கைக்குள் புதைந்து கிடந்தது. உள்ளே கைவிட்டதில் ஒரு சீப்பும் ஒற்றைக் குழந்தைக் காலுறையும் வந்தன, அப்புறம்தான் கொக்கி வந்தது. "பொண்ணு இதைத் தேடாத இடமில்ல சார்" என்று காலுறையை வாங்கி முத்தமிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போகிற வழியை உனக்குத்தான் அனுப்பினேன். அது ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் சங்கக் குழுவுக்குப் போய்விட்டது என்பது செயலாளர் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது. "வண்டி அஞ்சு நிமிஷமா ஒரே இடத்துல நிக்குதே, என்னய்யா, ஆளைக் கடத்திட்டாங்களா?" என்றார். சிக்னல் என்றேன். "எந்த சிக்னல், சொல்லு பார்ப்போம்" என்றார். அதற்குள் பொருளாளர் இடது பக்கம் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள் என்று தகவல் அனுப்பினார். வாழ்நாளில் இவ்வளவு பேர் நான் ஓர் இடம் பத்திரமாகப் போய்ச் சேருவதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"ஆஸ்பத்திரியில யாரு சார்?" என்று ஓட்டுநர் கேட்டார். யாருமில்லை என்றேன். யாருமில்லாத ஆஸ்பத்திரிக்கு இவ்வளவு அவசரமாகப் போகிற ஆளைக் கண்ணாடியில் ஒரு தினுசாகப் பார்த்தார். அவர் பார்த்த பார்வையில் அடக்கிய சிரிப்பு இருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை. மறுபடியும் சின்ன அத்தை கூப்பிட்டு, "மாமா, பக்கத்துக் கட்டில் ஆச்சு" என்றாள். அதற்குமேல் தாங்க முடியாமல் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். வேகமாகப் போங்கள் என்று சொல்ல வாயெடுத்து, வேகமாகப் போனால் நிதானமாகப் போகச் சொல்ல வேண்டும் என்று நீ சொன்னது நினைவு வந்து, "வேகமா நிதானமாப் போங்க" என்றேன். "வேகம் எதுக்கு சார், வழி இருக்கு. பின் கேட்ல இறக்கி விடறேன், நேரா வார்டு" என்றார். சொன்னபடியே இறக்கிவிட்டு, டீ குடித்துவிட்டு வாசலில் நிற்கிறேன், அம்மாவை நிதானமாகக் கூட்டி வாருங்கள் என்றும் சொன்னார்.

ஓடினேன். நர்ஸ் உன் அத்தையின் கண்கட்டின் மேல் கைவைத்துவிட்டாள். "கொஞ்சம் இரும்மா, கொஞ்சம் இரு" என்று உன் அத்தை அவள் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறாள். என் செருப்புச் சத்தம் கேட்டதும் முகம் மலர்ந்தது. "ஏங்க, எங்க போய்ட்டீங்க?" என்றாள். மூச்சிரைக்க நடந்ததையெல்லாம் சொன்னேன். வார்டே சிரித்தது. டாக்டர் கூடச் சிரித்தார். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு உன் அத்தை சொல்கிறாள், "நானும் கண்ணைக் கட்டிட்டுத்தானே உட்கார்ந்திருக்கேன். வந்து நிக்கிறது யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? பேரை நீங்களே சொல்லுங்க."

"நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு" என்றேன்.

போர்வை நுனியை விரலில் சுற்ற ஆரம்பித்தாள். உனக்கே தெரியும், அவளுக்கு நான் 'ஏங்க'தான். கொஞ்சம் தள்ளி நின்றால் 'இங்க பாருங்க'. கோபமென்றால் அதுவும் இல்லை, தட்டு வைக்கிற சத்தம்தான். விளையாட்டுக்குச் சொன்னதை இவ்வளவு தூரம் கொண்டுபோனது தப்போ என்று நான் கட்டுப் பிரிக்கச் சொல்ல இருந்தேன். அப்போது உன் அத்தை மெதுவாக என் பெயரின் முதல் எழுத்தைச் சொன்னாள். நான் இரண்டாவதைச் சொன்னேன். அவள் மூன்றாவதைச் சொன்னாள். நர்ஸ் பிளாஸ்திரியை ஒவ்வோர் எழுத்துக்கும் கொஞ்சமாக உரித்துக்கொண்டே வந்தாள். கடைசி எழுத்துக்குக் கட்டு கையோடு வந்துவிட்டது. உன் அத்தை கண்ணைச் சிமிட்டி, என்னை நேராகப் பார்த்து, முழுப் பெயரையும் ஒருதரம் சேர்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு, "மூஞ்சியெல்லாம் என்ன சேறு? மீசை வேற வரைஞ்சு வச்சிருக்கீங்க?" என்றாள்.

நம்பர் பலகையைத் துடைத்த கைக்குட்டை. அதைத்தான் அந்த நல்ல மனிதர் சொல்ல வந்திருக்கிறார். தெளிந்த கண்ணில் முதலில் பட்டது சேறு பூசிய என் மூஞ்சி. அவள் விழுந்து விழுந்து சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்து, கண்ணை நனைக்கக் கூடாது என்று நர்ஸ் எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டினாள். திட்டு வாங்கியபடி அழுததில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

ஆகவே அம்மா, நீ சொன்னதில் ஒன்று குறையாமல் கடைப்பிடித்து, பத்திரமாகப் போய்ச் சேர்ந்தேன். அடுத்த வாரப் பரிசோதனைக்கும் நானே அழைத்துப் போகிறேன். நீங்கள் இருவரும் லீவு போட்டு அலைய வேண்டாம். சங்கத்தில் எனக்கு வரும் கூட்டத்தில் 'பயணியின் பாதுகாப்பு' பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். உனக்கும் அவனுக்கும் குறைவில்லாத ஆயுளும், நிறைந்த சிரிப்பும், போகுமிடமெல்லாம் பச்சை சிக்னலும் கிடைக்க வேண்டுமென்று வாழ்த்தும்,

உன் மாமா
(பாதுகாப்பு கருதிப் பெயர் எழுதவில்லை)

பின்குறிப்பு: திரும்பி வந்ததைச் சொல்லாமல் விட்டால் சின்ன அத்தை எப்படியும் சொல்லிவிடுவாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியிறங்கும்போது உன் அத்தை விளையாட்டாக என் பெயரை மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டே வந்தாள். அதைக் கேட்டுக்கொண்டே வந்ததில் எதிரே நின்ற வெள்ளைக் காரில் ஏறிவிட்டேன். நம்பரும் பார்க்கவில்லை, முகமும் பார்க்கவில்லை. அவர் ஏதோ தொழிற்சாலை முதலாளியின் அம்மாவை அழைத்துப் போக வந்த புது டிரைவராம். கறுப்புக் கண்ணாடி போட்ட அம்மா என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உன் அத்தை அவரிடம் நம் வீட்டு விலாசம், மாற்றுச் சாவி இருக்கும் இடம், உன் சம்பளம் எல்லாம் சொல்லி முடித்த நேரத்தில் காலை ஓட்டுநர் போன் செய்தார். "சார், நம்ம வண்டியில ஒரு அம்மா ஏறி உட்கார்ந்திருக்காங்க. ஒரு எழுத்து சொல்லுங்கன்னா முழுப் பேரையும் சொல்லிட்டுத் திட்டறாங்க. அது உங்க பேரு இல்ல, நான் வண்டியை எடுக்கல" என்றார். பெட்ரோல் பங்கில் சந்தித்து ஆளை மாற்றிக்கொண்டோம். அடுத்த வாரத்துக்கு நீயே வந்துவிடு.

உள்ளே இருந்து கூப்பிடுகிறாள். பேர் சொல்லித்தான். நேற்றிலிருந்து இதே வேலை, தெருமுனை வரைக்கும் கேட்கிறது. காய்கறி வண்டிக்காரர் வரை எல்லோருக்கும் இப்போது என் பெயர் தெரியும். பாதுகாப்பாவது ஒன்றாவது, இன்னும் இரண்டு தரம் கூப்பிடட்டும் என்று எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.