மேற்படி மல்லன்

மசாகா சாலையோரம் இருக்கும் எங்கள் ஊர் வீடியோ கொட்டகைக்கு வட்டார அலுவலர் துமுசீமே ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகை தந்தார். பொதுமக்கள் நலன் கருதி அதை இழுத்து மூடுவது நோக்கம்.

அன்று மல்யுத்த வீரன் ஒருவன் நடித்த அடிதடிப் படம். கோதாவில் ஆட்களைத் தூக்கிப் போட்டவன், படத்தில் காரையே தூக்கிப் போடுகிறான். அவன் மொட்டை என்பதால் ஊர் ஆண்களில் பாதிப்பேர் அந்த வாரமே மொட்டை. என் வீட்டுக்காரர் தலை முட்டைக்கோஸ் மாதிரி ஆகிவிட்டது. எங்கள் இரட்டைப் பிள்ளைகள் அதைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறார்கள்.

படம் இங்கிலீஷில் ஓடும். வீஜே கிசெக்கா மைக்கைப் பிடித்து எங்கள் பேச்சில் கதை சொல்வார். அவர் சொல்வதுதான் படம். திரை சும்மா ஒத்தாசைக்கு.

"பய ஏன் இந்தக் குதி குதிக்கிறான் தெரியுமா? அவன் மாமியார் வீட்டு ஆட்டை வில்லன் திருடிட்டான்."

அலுவலர் எழுந்தார். படம் நின்றது.

"ஆடு எங்கே?"

"அதான் திருடிட்டானே ஐயா, எப்படித் தெரியும்?"

"படத்தில் இல்லாததைச் சொல்வது பொதுமக்களை ஏமாற்றும் செயல். மல்லன் சொல்வதை மட்டும் சொல்லவும். மீறினால் கொட்டகைக்குச் சீல்."

வாழைத் தோட்டம், துணி, பிள்ளை என்று வாரம் முழுக்க ஓடுகிறவள் நான். உட்கார்ந்து சிரிக்க எனக்கு அந்த ஒரு பெஞ்சுதான். படம் மறுபடி ஓடத் தொடங்கியது.

மல்லன் கதவை உடைத்து உறுமினான். "ம்" என்றார் கிசெக்கா. ஒருவனைச் சன்னல் வழியாக எறிந்தான், பேசவில்லை. கிசெக்காவும் பேசவில்லை. ஒருத்தி ஓடி வந்து மல்லனை அறைந்தாள்.

"யாருப்பா அவ?" என்றது பின் பெஞ்சு.

"மல்லன் இன்னும் சொல்லல."

நான் அலுவலர் பக்கம் திரும்பினேன். "ஐயா, நீங்க படிச்சவங்க. அவ எதுக்கு அறையறா?"

"எனக்கெப்படித் தெரியும், நாலொங்கோ?" இரட்டைப் பிள்ளை பெற்றவளுக்கு உரிய பட்டம் சொல்லித்தான் கூப்பிட்டார். அதில் குறை வைக்கவில்லை.

"அப்ப பொதுமக்களுக்கு யாரு விளக்கம் குடுக்கிறது?"

பொதுமக்கள் என்றதும் நிமிர்ந்தார். மைக்கை வாங்கினார்.

"மேற்படி பெண்மணி மேற்படி மல்லன் மீது அதிருப்தி தெரிவிக்கிறார். எதிர்த்தரப்பினர் கத்தியுடன் வருகை தந்துள்ளனர். அவர்களது கோரிக்கை பரிசீலிக்கப்படுகிறது."

மல்லன் ஒருவனைக் கூரைக்கு வீசினான்.

"ஒருவர் மேலிடத்துக்கு அனுப்பப்பட்டார். ஏனையோர் நாளை வரலாம்."

கொட்டகை அதிர்ந்தது. நான் சிரித்த சிரிப்பில் மரவள்ளிப் பொரியல் மடியில் கொட்டியது. கிசெக்காவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சீல் பேச்சு அதோடு போயிற்று. இப்போது ஞாயிறுதோறும் மைக் துமுசீமே கையில். கிசெக்கா வாசலில் டிக்கெட் கிழிக்கிறார். ஊரே துமுசீமே மாதிரித்தான் பேசுகிறது. விறகு உடைக்கச் சொன்னால் என் வீட்டு முட்டைக்கோஸ், "கோப்பு நகர்கிறது" என்கிறது.

போன வாரம் ஊர் அடிபம்பு உடைந்துவிட்டது. பெண்கள் எல்லோரும் மஞ்சள் கேன்களோடு அலுவலகத்துக்குப் போனோம். துமுசீமே மேசைக்குப் பின்னால் தொண்டையைச் செருமினார்.

"மேற்படி பம்பு குறித்து உரிய நடவடிக்கை, உரிய காலத்தில், உரியவரால் எடுக்கப்படும்."

விழுந்து விழுந்து சிரித்தோம். "இன்னொரு தடவை சொல்லுங்க ஐயா" என்று கேட்டதே நான்தான். சொன்னார். கைதட்டிவிட்டுக் கிளம்பினோம்.

பாதி வழியில், என் முதுகில் இருந்த, இரட்டையரில் சின்னவள் தண்ணீர் கேட்டாள்.

"உரிய காலத்தில்" என்றேன். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள்.